வயிற்றுவலி என்று எழுதிக் கொடுக்காதீர்கள்: பிள்ளையைத் தற்கொலையில் இழந்த பெற்றோருக்கு

என் மகன் 2024 ஆகஸ்ட் கடைசியில் போய்விட்டான். வெளியூரில் விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். நான் அரசுப் பேருந்தில் நடத்துநர். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் காவல் நிலையம், மருத்துவமனை, தாலுகா அலுவலகம், வங்கி, நீதிமன்றம் என்று அலைந்திருக்கிறேன். அதில் பாதி அலைச்சல் தேவையே இல்லாதது. முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம். இந்த மாதிரி சாவு வீட்டுக்கு வந்து போகிறவர்கள் எதையும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் கேட்கிற நிலையில் நாம் இருக்க மாட்டோம்.

ஏன் செய்தான் என்று இங்கே எழுதப்போவதில்லை. எனக்கே முழுதாகத் தெரியாது. தெரிந்த கொஞ்சமும் அவனுடையது.

படிப்பதற்கு முன் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 14416, அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்பார்கள். தமிழிலேயே பேசலாம், இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், காசு கிடையாது. இன்னொன்று சென்னையில் 1986 முதல் நடக்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஸ்நேகா, 044-24640050. "அவனோடு நானும் போயிருக்கலாம்" என்ற நினைப்பு உங்களுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ வந்தால் மிச்சத்தை அப்புறம் படியுங்கள், முதலில் அந்த எண்களில் ஒன்றைக் கூப்பிடுங்கள். பேசுகிற நிலையில்கூட இல்லை என்றால், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் துணையோடு போங்கள். எனக்கு அந்த நினைப்பு வந்தது. ஒன்பதாம் நாள்.

1. செய்தி வந்ததும்: கூட யாரை அழைத்துப் போவது

தனியாகப் போகாதீர்கள். ஆனால் பத்துப் பேரையும் வேனில் ஏற்றாதீர்கள். வேண்டியது இரண்டு பேர். ஒருவர் உங்களைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் காகிதங்களைப் பிடித்துக்கொள்ள. இரண்டாமவர் அழாதவராக, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்பவராக இருக்க வேண்டும். எங்களுக்கு அப்படி வாய்த்தவர் என் மைத்துனர். அவர் வந்து சேர்ந்தது மறுநாள் மதியம். அதற்குள் நான் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: பிள்ளையின் ஆதார் நகல், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் நகல், உங்கள் ஆதார், குடும்ப அட்டை. பணம் பத்தாயிரமாவது ரொக்கமாக இருக்கட்டும். அந்த நேரத்தில் ஏடிஎம் தேடிப் போக யாருக்கும் கால் வராது.

மதிப்பெண் பட்டியல் எதற்கு என்று கேட்பீர்கள். பெயரின் எழுத்து, தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றும் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி வர வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் அவன் தலைப்பெழுத்து ஒன்று, பிரேதப் பரிசோதனைச் சான்றில் வேறொன்று. அந்த ஓர் எழுத்தைத் திருத்த எனக்கு நான்கு நாள் விடுப்பு போனது.

2. காவல் நிலையம்: புகார் மனுவை நீங்களே எழுதுங்கள்

இந்த ஒரு படியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

தற்கொலை என்றால் காவல்துறை வழக்குப் பதிந்தே ஆக வேண்டும். பயப்படாதீர்கள், இது உங்கள் மேலோ உங்கள் பிள்ளை மேலோ போடுகிற குற்ற வழக்கு இல்லை. இயற்கைக்கு மாறான மரணம் என்று பதிந்து, என்ன நடந்தது என்று விசாரிப்பார்கள். நிலையத்தில் இன்னும் "174 போட்டிருக்கு" என்றுதான் பேசுவார்கள். அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு. (திருமணமாகி ஏழு வருடத்துக்குள் இறந்த மகள் என்றால் கோட்டாட்சியர் விசாரணையும் வரும். உங்களிடம் தனியாக வாக்குமூலம் வாங்குவார்கள்.)

வழக்குக்கு அடிப்படை நீங்கள் கொடுக்கும் மனு. உங்கள் கை நடுங்கும். அப்போது யாராவது ஒருவர் அன்பாகவே வந்து, "நான் எழுதித் தர்றேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார். எழுதுவது என்ன தெரியுமா? "நீண்ட நாட்களாகத் தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்த என் மகன், மனமுடைந்து..." தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் இந்த வரி மனப்பாடம். கேள்வி வராது, சீக்கிரம் உடம்பைத் தந்துவிடுவார்கள், குடும்ப மானம் போகாது என்று மூன்று காரணம் சொல்வார்கள்.

என் மகனுக்கு வயிற்றுவலி இருந்ததே இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

அதன் விலையைச் சொல்கிறேன். ஒன்று, காப்பீட்டு நிறுவனம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு "முன்பே இருந்த நோயை மறைத்துப் பாலிசி எடுத்திருக்கிறீர்கள், சிகிச்சை ஆவணங்களைக் கொடுங்கள்" என்றது. இல்லாத நோய்க்கு எங்கே போய்ச் சீட்டு வாங்குவது? இரண்டு, பிறகு எப்போதாவது கேலிவதையோ (ராகிங்) மிரட்டலோ இருந்தது தெரியவந்து புகார் கொடுத்தால், "அன்றைக்கு வயிற்றுவலி என்று நீங்களே எழுதிக் கொடுத்தீர்களே" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். மூன்றாவதை ஒன்பதாவது படியில் சொல்கிறேன்.

அதனால் மனுவில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். கடைசியாக எப்போது பேசினீர்கள், யார் எத்தனை மணிக்குத் தகவல் சொன்னார்கள், நீங்கள் எப்போது வந்து பார்த்தீர்கள். காரணம் தெரியாவிட்டால் "காரணம் எனக்குத் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அது போதும், சட்டப்படி அதில் குறையில்லை. யார் மீதாவது சந்தேகம் இருந்தால் அன்றே எழுதுங்கள். "யார் மீதும் சந்தேகமில்லை" என்ற வரியை வழக்கமான வரி என்று நினைத்துச் சேர்க்க விடாதீர்கள். உண்மையிலேயே சந்தேகமில்லை என்றால் மட்டும் இருக்கட்டும். கல்வி நிறுவனம் தனியாக ஒரு தாளை நீட்டினால், "படித்துவிட்டு நாளைக்குப் போடுகிறேன்" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். அன்றே கேளுங்கள். குற்ற எண், தேதி, நிலையத்தின் பெயர் மூன்றையும் உங்கள் போனில் எழுதி வையுங்கள். இனி எந்த அலுவலகம் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

பிள்ளை ஏதும் எழுதி வைத்திருந்தால் அது சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்படும். கொடுக்கும் முன் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். அந்தப் படத்தைச் சொந்தக்காரர்கள் குழுவில் போடாதீர்கள். செய்தியாளர் கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

3. பிரேதப் பரிசோதனை

"அறுக்காம வாங்கித் தர்றேன், ஆள் இருக்கு" என்று ஒருவர் வருவார். நம்பாதீர்கள். இந்த மாதிரி மரணத்தில் பரிசோதனையைத் தவிர்க்கப் பார்த்தால் பணமும் போகும், பின்னால் காப்பீட்டுக்கும் சிக்கல் வரும்.

முதலில் காவல்துறை பிரேத விசாரணை நடத்தும். ஊரார் இரண்டு பேராவது பஞ்சாயத்தாராகக் கையெழுத்துப் போடுவார்கள். அப்புறம்தான் மருத்துவரிடம் அனுப்புவார்கள். இரவில் செய்யச் சொல்லிக் கெஞ்சிப் பயனில்லை. சூரியன் மறைந்த பிறகும் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. ஆனால் தற்கொலை, கொலை போன்றவற்றுக்கு அது பொதுவாகப் பொருந்தாது. ஆகவே மாலையில் கொண்டுபோனால் மறுநாள் மதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் அந்த நேரத்தையே சொல்லுங்கள். "இதோ வந்துடுவோம்" என்று நான் சொல்லிச் சொல்லி, என் மனைவி வாசலிலேயே ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தாள்.

அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. துணிக்கு, கட்டுவதற்கு, கழுவுவதற்கு என்று கேட்பார்கள். நான் 2,500 கொடுத்தேன். கொடுக்க வேண்டியதில்லை என்பது எனக்கு அப்போதும் தெரியும். அந்த இடத்தில் நின்று யாரும் நியாயம் பேச மாட்டார்கள், நீங்களும் பேசாமல் கொடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

பரிசோதனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சான்றின் நகல் கேட்கும்போது அந்த எண்ணைச் சொன்னால் தேடி எடுப்பார்கள். உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் இறுதிக் கருத்து வர மாதக்கணக்கில் ஆகும். எங்களுக்கு ஐந்து மாதம். அதுவரை காப்பீடு நகராது. வாரா வாரம் போய்க் கேட்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் அதே தாழ்வாரத்தைப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

4. வண்டியும் மயானமும்

அரசு மருத்துவமனையிலிருந்து உடலை எடுத்துப்போக இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. எண் 155377. எவ்வளவு தூரம் வரும், எவ்வளவு நேரமாகும் என்பதை அழைக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இது தெரியாது. வாசலில் நின்ற தனியார் வண்டிக்கு 16,000 ரூபாய், ஓட்டுநர் படி தனி.

மயானத்தில் காவல்துறையின் உடல் ஒப்படைப்புக் கடிதத்தைக் கேட்பார்கள். அசலைக் கொடுக்கும் முன் இரண்டு நகல் எடுங்கள்.

எரிப்பதா புதைப்பதா என்பது உங்கள் குல வழக்கம். மரணத்தில் சந்தேகம் இருந்தால் மட்டும், எரிப்பதற்கு முன் விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள். எரித்த பிறகு மறுபரிசோதனை என்ற பேச்சுக்கே இடமில்லை.

"துர்மரணம், வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, பதினாறு கும்பிடக் கூடாது" என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். என் அம்மா, எண்பது வயது, "என் பேரன் என் வீட்டுக்கு வராம எங்கே போவான்" என்று நடுக்கூடத்தில் பாய் விரித்துவிட்டார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு அம்மா இல்லையென்றால் நீங்களே அந்த வரியைச் சொல்லிவிடுங்கள்.

தில ஹோமம், பரிகாரம் என்று ஆள் பிடிப்பவர்கள் அந்த வாரமே போன் செய்வார்கள். நாங்கள் ஆறு மாதம் கழித்து இராமேஸ்வரம் போனோம். என் மனைவிக்கு மனசு கொஞ்சம் அடங்கியது, மறுக்கவில்லை. ஆனால் போவதற்கு முன்பே மொத்தத் தொகையைப் பேசி முடிவு செய்யுங்கள். "இன்னும் ஆத்மா அலையுது" என்று குறி சொல்லி இரண்டாம் தடவை கூப்பிட்டால் போகாதீர்கள். அந்த வாக்கியத்தைக் கேட்ட தாய் மறுபடி தூங்குவதற்கு எத்தனை மாதமாகும் என்று எனக்குத் தெரியும்.

5. இறப்புச் சான்றிதழ்

இறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும். நான் எங்கள் பேரூராட்சியில் மனுக் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் காத்திருந்தேன். பிறகுதான் "அங்கே போங்க" என்றார்கள்.

21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடியும். அதைத் தாண்டினால் மேலதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி, ஒரு வருடத்தைத் தாண்டினால் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். மருத்துவமனையில் இறந்திருந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். வெளியே என்றால் யார் தகவல் கொடுத்திருக்கிறார்கள் என்று காவல் நிலையத்திலும் பதிவாளரிடமும் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒருவர் மற்றவர் கொடுத்திருப்பார் என்று இருந்துவிடுவார்கள். பதிவான பிறகு இணையத்திலேயே சான்றிதழைத் தரவிறக்கலாம். பத்துப் பிரதி எடுத்து வையுங்கள்.

நிறையப் பெற்றோர் சான்றிதழை வாங்கவே தயங்குவார்கள், அதில் "தற்கொலை" என்று அச்சாகியிருக்கும் என்று. இருக்காது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, சான்றிதழில் மரணக் காரணத்தை வெளியிடக் கூடாது. பெயர், தேதி, இடம், பெற்றோர் பெயர், முகவரி, அவ்வளவுதான். இது முன்பே தெரிந்திருந்தால் நான் அந்த உறையைப் பிரிக்காமல் மூன்று நாள் பீரோவில் வைத்திருக்க மாட்டேன்.

6. வாரிசுச் சான்றிதழ், வங்கி, காப்பீடு

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், சேவைக் கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியரிடம் போகும். ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மணமாகாத மகனுக்கு முதல் வகுப்பு வாரிசு தாய். தந்தை இரண்டாம் வகுப்பு. எல்லா இடத்துக்கும் நானே போனேன், பல இடத்தில் "அம்மா கையெழுத்து வேணும்" என்று திருப்பி அனுப்பினார்கள். மனைவியைக் கூட்டிப்போக முடியாத நிலை என்றால், முன்கூட்டியே படிவங்களை வாங்கி வந்து வீட்டிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

வங்கியில் நியமனதாரர் (நாமினி) இருந்தால் இறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் போதும். எல்லாத் தாளும் கொடுத்த பிறகு 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அவன் ஏடிஎம் அட்டையின் ரகசிய எண் உங்களுக்குத் தெரியும் என்றாலும் அதில் பணம் எடுக்காதீர்கள்.

என் மகன் கணக்கில் 1,412 ரூபாய் இருந்தது. அதில் ஆயிரம், தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் முதல் மாதத் தொகை. அந்த ஆகஸ்டில்தான் திட்டம் தொடங்கியது. அதை வாங்க மூன்று தடவை போனேன். பேருந்து எனக்கு இலவசம், விடுப்பு இலவசம் இல்லை. நான்காவது தடவை கிளம்பும்போது மனைவி, "அது அவன் பேர்லயே இருக்கட்டுமே" என்றாள். விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் முடித்தே தீர வேண்டும் என்று இல்லை.

கல்விக் கடன் இருந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். நீங்கள் இணைக் கடனாளி, கடன் உங்கள் பேரில் தொடரும். கடனோடு சேர்த்து ஆயுள் காப்பீடு பிடித்திருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பலருக்குப் பிடித்திருப்பதே தெரியாது.

இனி ஆயுள் காப்பீடு. "தற்கொலைக்குப் பணம் வராது" என்று எல்லோரும் சொல்வார்கள். தவறு. பாலிசி தொடங்கிய அல்லது புதுப்பித்த 12 மாதத்துக்குள் நடந்தால், கட்டிய பிரீமியத்தில் 80 சதவீதமாவது நியமனதாரருக்குத் தர வேண்டும். 12 மாதம் தாண்டியிருந்தால் முழுக் காப்புத் தொகை வரும். விபத்துக் கூடுதல் பயன் மட்டும் கிடைக்காது. அதே மாதிரி, வங்கியில் ஆண்டுக்கு 436 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு இருந்தால் கோரலாம், 20 ரூபாய் பிடிக்கும் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டில் தற்கொலைக்குக் கிடைக்காது. அவன் வங்கிப் புத்தகத்தைப் புரட்டி 436 பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாலிசி எடுத்து மூன்று வருடம் கடந்துவிட்டால், எதை மறைத்தீர்கள் என்று நிறுவனம் கேள்வி கேட்க முடியாது, காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. நாங்கள் எடுத்தது 2022 நவம்பரில். இருபத்தொரு மாதம்தான் ஆகியிருந்தது. வயிற்றுவலி வந்து நின்றது அந்த இடைவெளியில்தான். நிறுவனம் மறுத்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். பிரேதப் பரிசோதனையில் வயிற்றில் நோய் எதுவும் இல்லை என்று இருந்ததைக் காட்டித்தான் எங்களுடையது தீர்ந்தது. பதினான்கு மாதம். இறந்த பிள்ளை ஆரோக்கியமாக இருந்தான் என்று நிரூபிக்க அலைந்த தகப்பன் நானாகத்தான் இருப்பேன்.

7. செல்போன்

விசாரணைக்குக் காவல்துறை எடுத்துப்போயிருந்தால், நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுத் திரும்ப வாங்கலாம். மனுவை மனைவி பேரில் போடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் தருவார்கள், எண் 15100. நான் என் பேரில் போட்டு 6,000 ரூபாய் கொடுத்தேன்.

போன் எங்கே இருந்தாலும் எண்ணுக்கு ரீசார்ஜை நிறுத்தாதீர்கள். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் எண்ணைத் துண்டித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். எண் போனால் ஓடிபி போகும், ஓடிபி போனால் அவன் மின்னஞ்சல், படங்கள் எல்லாம் போகும். வாட்ஸ்அப் 120 நாள் இணைப்பே இல்லாமல் கிடந்தால் கணக்கை அழித்துவிடும். குரல் பதிவுகளை முதலில் வேறு இடத்தில் சேமியுங்கள். என் மகளிடம் அவன் அனுப்பிய பதினோரு குரல் பதிவு இருக்கிறது. "ஏய் குரங்கு, என் சட்டையை எடுத்தியா" என்று ஒன்று. வீட்டில் அதுதான் அதிகம் கேட்கப்படுவது.

போன் கைக்கு வந்ததும் இரவில் தனியாகத் திறக்காதீர்கள். நான் திறந்தேன். விடியும் வரை ஒவ்வொரு செய்தியாகப் படித்து, எந்த இடத்தில் நான் கவனித்திருக்க வேண்டும் என்று தேடினேன். முடிவு தெரிந்த பிறகு படித்தால் "சாப்பிட்டேன்பா" என்பதுகூடச் சாட்சி மாதிரித்தான் தெரியும்.

8. வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால்

இதைத்தான் நாங்கள் ரொம்பத் தாமதமாகச் செய்தோம். மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அவளிடமும் வயிற்றுவலி என்றே சொன்னோம். அவளுக்கு இரண்டாம் நாளே வகுப்புத் தோழி மூலம் தெரிந்துவிட்டது. எங்களுக்காகத் தெரியாத மாதிரி நான்கு மாதம் இருந்திருக்கிறாள்.

சிறுபிள்ளையாக இருந்தாலும் உண்மையைச் சொல்லுங்கள். எப்படி என்ற விவரம் வேண்டாம். "அண்ணன் மனசு தாங்க முடியாத கஷ்டத்தில் இருந்தான், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான், உன்னால் இல்லை" என்ற அளவு போதும். "உன்னால் இல்லை" என்பதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். வகுப்பாசிரியரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். "இனி நீதான் எங்களுக்கு எல்லாம்" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அது எவ்வளவு பெரிய மூட்டை என்று எனக்கு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. வீட்டில் இருக்கும் மருந்து மாத்திரைகளைப் பூட்டி வைக்கச் சொன்னதும் அவர்தான். எல்லோருக்காகவும், எனக்காகவும்.

9. நீங்கள்

முதல் மூன்று மாதம் காகிதம் ஓட்டும். ஓடிக்கொண்டே இருப்பீர்கள், "தைரியமா இருக்காரே" என்பார்கள். விழுவது அதற்குப் பிறகு. எனக்குத் தூக்கம் போனது, சில்லறைக் கணக்கு தப்பியது, டாஸ்மாக் பக்கம் கால் போனது. குடித்தால் அன்று இரவு தூக்கம் வரும், மூன்று மணிக்கு முழிப்பு வந்து இரண்டு மடங்காக அழுத்தும். வேறு கணக்கே இல்லை.

அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கினால் காசில்லாமல் பார்க்கலாம், மாத்திரையும் அங்கேயே. முதல் நாள் போய் வாசலோடு திரும்பிவிட்டேன், தெரிந்த ஓட்டுநர் ஒருவர் பார்த்துவிடுவாரோ என்று. இரண்டாவது தடவை அந்த ஓட்டுநரே உள்ளே வரிசையில் நின்றார்.

"ஒரு வருஷமாச்சே, இன்னுமா" என்று கேட்பவர்களை விடுங்கள். துக்கத்துக்குத் தவணைத் தேதி இல்லை. ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம் கடந்தும் வேலைக்குப் போக முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நாள் முழுக்க அந்த நாளிலேயே நிற்கிறது என்றால், மருத்துவத்தில் அதற்குத் தனிப் பெயரும் சிகிச்சையும் இருக்கிறது. நீடித்த துயரக் கோளாறு என்கிறார்கள். அதைச் சகித்துக்கொண்டிருப்பது பிள்ளைக்குச் செய்யும் மரியாதை இல்லை.

கணவன் மனைவி ஒரே மாதிரி அழ மாட்டார்கள். அவள் அவன் சட்டையைத் துவைக்க விடவில்லை, நான் அந்த அறைக்குள் போகவே இல்லை. அவள் என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்தாள், நான் அவளைப் பிடிவாதக்காரி என்று நினைத்தேன். "உன்னாலதான்" என்ற சொல் ஒருமுறை வாயிலிருந்து வந்துவிட்டது, யார் வாயிலிருந்து என்று எழுதவில்லை. அவன் பொருட்களை என்ன செய்வது என்ற முடிவை முதல் வருடம் எடுக்காதீர்கள். அறையைப் பூட்டி வைத்தால் வாடகை கேட்கப்போவதில்லை.

மூன்றாவது விலை என்று சொன்னேனே, அது இதுதான். வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்த பிறகு, எல்லோரிடமும் வயிற்றுவலி என்றே சொல்ல வேண்டியதாயிற்று. டிப்போவில், சந்தையில், துக்கம் கேட்க வந்தவர்களிடம். "எந்த டாக்டர்கிட்ட காமிச்சீங்க" என்று கேட்பார்கள். மேலும் ஒரு பொய் வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான் வேறு யாரோ ஒரு பையனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். என் பையனைப் பற்றிப் பேச ஆளே இல்லாமல் போனது.

10. "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டால்

கண்டிப்பாகக் கேட்பார்கள். பதிலை வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் யோசிக்க வராது. ஓடுகிற பேருந்தில் கேட்பவருக்கு "ரெண்டு" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடலாம், அதில் பொய் எதுவுமில்லை. தொடர்ந்து "பையன் என்ன பண்றான்" என்றால் நான் சொல்வது: "இறந்துட்டான்மா. ரெண்டாம் வருஷம் படிச்சுட்டு இருந்தான்." எப்படி என்று கேட்டால், மனசு இருக்கும் நாளில் சொல்வேன், இல்லாத நாளில் "அப்புறம் பேசலாம்" என்று சீட்டுக் கிழிக்கப் போய்விடுவேன்.

போன மாதம் கடைசி நடையில் ஓர் அம்மா கேட்டார். சொன்னேன், தற்கொலை என்றே. அவர் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் நகர்ந்து, பக்கத்தில் இடம் காட்டினார். வண்டியில் ஏழெட்டுப் பேர்தான், உட்கார்ந்தேன். "எனக்குப் பொண்ணு" என்றார். "பதினோரு வருஷமாச்சு. வயித்துவலின்னுதான் சொல்லிட்டிருக்கேன்."

அவர் இறங்க வேண்டிய ஊர் வரும் வரை மகள் பெயரையும், அவள் எப்படிக் கோலம் போடுவாள் என்பதையும் சொல்லிக்கொண்டே வந்தார்.